சிறகு வெட்டின கிளி மறுபடி பறக்குமா? மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு ஒரு பறவைப் பாடம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறுகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்தவர்களுக்கு பர்லியார் நன்றாகவே தெரிந்திருக்கும். கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி, ஒரு டீ குடித்தால் தேவலை என்று தோன்றுகிற இடத்தில் வரும் ஊர். சீசன் நேரமாக இருந்தால் ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தானும் துரியனும் குவிந்திருக்கும். பக்கத்திலேயே 1871-ல் அரசுத் தோட்டமான பழப்பண்ணை. அங்கிருக்கும் கிராம்பு, ஜாதிக்காய் மரங்களுக்கு மேலே கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் கிளிகளை, டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

இப்போது இன்னொரு கிளி. ரோட்டுக்கு மேலே, சரிவில் இருக்கும் ஒரு வீட்டின் வராண்டா. கூண்டின் மேல் ஒரு காக்டெய்ல் உட்கார்ந்திருக்கிறது. மேலே போகிற கூட்டத்தின் சத்தம் கேட்டதும் கொண்டையைத் தூக்குகிறது. சிறகை விரித்து நாலு தடவை அடிக்கிறது. அடுத்த நொடி 'தொப்' என்று தரையில். வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். தினமும் விழுகிறதே, பழகிவிட்டது!

அந்த வீடு உங்களுடையது என்றால், கொஞ்சம் உட்காருங்க. பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

'பறந்துடக் கூடாதுன்னுதான் வெட்டினோம்'

சிறகை வெட்டினவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் இதுதான். கடைக்காரரே வெட்டிக் கொடுத்திருப்பார். அல்லது யூடியூப் பார்த்து நீங்களே வெட்டியிருப்பீர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

ஆனால், மலையில் இந்தக் கணக்கு தப்பாகிவிடுகிறது. சமவெளியில் சிறகு வெட்டின பறவை வாசலில் விழுந்தால் தெருவில்தான் கிடக்கும். ஓடிப்போய் தூக்கிவிடலாம். பர்லியார் மாதிரி சரிவில் வராண்டாவைத் தாண்டினாலே பள்ளம். பள்ளத்தாக்கில் இருந்து காற்று மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அரைகுறையாக இறகு வளர்ந்த பறவைக்கு அந்தக் காற்று ஒன்று போதும். பஸ் ஹார்ன் சத்தத்தில் பயந்து ஒரு தடவை சிறகடித்தால், காற்றில் மிதந்து சரிவின் கீழே நூறு அடி போய்விடும். போகத் தெரியும். மேலே ஏறி வரத் தெரியாது. வெட்டின சிறகு பறவையைப் போகவிடாமல் தடுப்பதில்லை, திரும்பி வரவிடாமல்தான் தடுக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மலை வீடுகளில் இருக்கும் வளர்ப்புப் பறவைக்கு நன்றாகப் பறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பேன்.

முதலில், உங்க கூண்டில் இருப்பது என்ன கிளி?

பயிற்சிக்கு முன்னால் ஒரு முக்கியமான கேள்வி. பச்சை உடம்பு, சிவப்பு அலகு, ஆணாக இருந்தால் கழுத்தில் ஒரு வளையம். நம்ம ஊர் பச்சைக்கிளி. ஜோசியக்காரர் கூண்டில் சீட்டெடுக்குமே, அதேதான். இதையும், இதைவிடப் பெரியதாக தோளில் சிவப்புத் திட்டோடு இருக்கும் அலெக்சாண்ட்ரைன் கிளியையும், மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் நீலச்சிறகுக் கிளியையும், செந்தலைக் கிளியையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இந்தியக் கிளிகள் அனைத்துக்கும் பொருந்தும். 'குஞ்சா இருக்கும்போதே எடுத்து வளர்த்தோம்', 'மரத்துல இருந்து விழுந்துச்சு' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இது காகிதத்தில் தூங்கும் சட்டமும் இல்லை. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நடிகரின் வீட்டில் இருந்த இரண்டு அலெக்சாண்ட்ரைன் கிளிகளுக்காக இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்ட செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே ஆண்டு ஜூலையில் கோவை வனத்துறை, வீடுகளில் வளரும் பச்சைக்கிளிகளைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லி கெடு வைத்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூரில் வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளி, கடைசியில் தன் எஜமானரையே வனத்துறை விசாரணையில் மாட்டிவிட்டது.

உங்களிடம் இருப்பது நம்ம ஊர்க் கிளி என்றால், இந்தக் கட்டுரையின் பயிற்சிப் பகுதி உங்களுக்கு இல்லை. குன்னூர் வனச்சரக அலுவலகத்தில் பேசி ஒப்படைத்துவிடுங்க. 'நாமளே திறந்துவிட்டா புண்ணியம்தானே' என்று நினைக்காதீங்க. சிறகு வெட்டின கிளியைத் திறந்துவிடுவது வல்லூறுக்கும் பூனைக்கும் சாப்பாடு போடுவது மாதிரி. சிறகு முழுசாக இருந்தாலும்கூட அது மட்டும் போதாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அங்கே அழிந்துபோன தடித்த அலகுக் கிளிகளை மறுபடி காட்டில் குடியேற்ற 1986-ல் ஒரு முயற்சி தொடங்கினார்கள். காட்டில் பிடிபட்டு, கடத்தலில் மீட்கப்பட்ட கிளிகள் ஓரளவு சமாளித்தன. கூண்டில் பிறந்து வளர்ந்தவை கூட்டத்தோடு சேர்ந்து பறக்கத் தெரியாமல், பருந்து வகைகளுக்கு இரையாகின. பறப்பது என்பது இறகில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை என்பதற்கு அவை கொடுத்த விலை அது.

சரி, உங்களிடம் இருப்பது வெளிநாட்டுப் பறவையா? காக்டெய்ல், பட்ஜி (நம்ம ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான்), நிஜமான ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸ், கான்யூர், ஆப்பிரிக்க சாம்பல் கிளி... இவற்றை வளர்க்கலாம். ஆனால் கான்யூர், சாம்பல் கிளி போன்றவை சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024-ல் வந்த விதிகளின்படி அவற்றை மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். காக்டெய்லும் பட்ஜியும் அந்தப் பட்டியலில் இல்லை.

இறகு எப்போ வளரும்?

நிறைய பேர் செய்யும் தவறு, வெட்டின இறகு நகம் மாதிரி வளரும் என்று நினைப்பது. வளராது. முழுசாக வளர்ந்த இறகு உயிரில்லாத பொருள். வெட்டின தண்டு அப்படியே குச்சியாக நிற்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் அந்தக் குச்சி விழுந்து, அதே குழியில் இருந்து புதுசு முளைத்தால்தான் உண்டு.

ஒவ்வொரு சிறகின் வெளிப்பக்கத்திலும் 10 நீளமான இறகுகள் இருக்கும். பறவையை முன்னால் தள்ளுவது இவைதான். கடையில் வெட்டுவது பெரும்பாலும் இதில் வெளியோரமாக இருக்கும் 5 முதல் 7 வரை. இவை எல்லாம் ஒரே நாளில் உதிராது. கிளி இனங்களில் நடுவில் இருக்கும் ஒன்று முதலில் விழும், பிறகு அங்கிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகப் போகும். காட்டில் இருக்கும் பறவை அந்தச் சமயத்திலும் பறந்தாக வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. காக்டெய்ல் சைஸ் பறவைக்கு முழுச் சிறகும் திரும்ப வர ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகலாம். சாம்பல் கிளி, மக்காவ் மாதிரி பெரியவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும்.

இந்தக் காத்திருப்பில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புதுசாக முளைக்கும் இறகு, உறைக்குள் ரத்தம் ஓடும் ஒரு குழாய். நீலம் கலந்த கருஞ்சிவப்பில் தெரியும். சாதாரணமாகப் பக்கத்தில் இருக்கும் நீண்ட இறகுகள் அதற்கு வேலி மாதிரி இருந்து காப்பாற்றும். வெட்டின சிறகில் அந்த வேலி இல்லை. கூண்டுக் கம்பியில் இடித்தாலோ, தரையில் விழுந்தாலோ உடைந்து ரத்தம் கொட்டும். 90 கிராம் எடையுள்ள பறவைக்குச் சில துளி ரத்தமே பெரிய விஷயம். சோள மாவை வைத்து சுத்தமான துணியால் மெதுவாக அழுத்திப் பிடியுங்க. நிற்காவிட்டால் உடனே டாக்டர்.

'குச்சியைப் பிடுங்கிட்டா சீக்கிரம் முளைக்கும்' என்று ஒரு யோசனை சுற்றுகிறது. முளைக்கலாம்தான். ஆனால் அந்த இறகுகள் எலும்போடு ஒட்டி நிற்பவை, பிடுங்குவது கொடூரமான வலி. குழி கெட்டுப்போனால் பிறகு இறகு வளைந்து முளைக்கும், அல்லது முளைக்கவே முளைக்காது. வேட்டைப் பருந்து வளர்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வழி ஒன்று உண்டு. உதிர்ந்த நல்ல இறகை எடுத்து, வெட்டின தண்டுக்குள் மெல்லிய மூங்கில் சிம்பு வைத்து ஒட்டுவது. இன்றும் பறவை மருத்துவர்கள் சிலர் செய்கிறார்கள். வீட்டில் ஃபெவிக்விக் வைத்து முயற்சி செய்ய வேண்டாம், ப்ளீஸ்.

வர்க்கியை நிறுத்துங்க

இறகு முளைக்கும் மாதங்களில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பறக்காத பறவைக்கு நெஞ்சுத் தசை கரைந்து, கொழுப்பு சேர்ந்திருக்கும். மார்பின் நடுவில் ஓடும் எலும்பை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்க. கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் தசை போதவில்லை. எலும்பே தட்டுப்படாமல் இரண்டு பக்கமும் புடைத்திருந்தால் எடை அதிகம். கிராம் கணக்கில் காட்டும் டிஜிட்டல் தராசு வாங்கி, வாரம் இரண்டு நாள் காலையில் எடை எழுதி வையுங்க. காக்டெய்ல் சுமார் 80 முதல் 120 கிராம் வரை இருக்கும். பட்ஜி 30 முதல் 40 கிராம்தான்.

பெரும்பாலான வீடுகளில் கிளிக்கு நாள் முழுக்க சூரியகாந்தி விதை. அது நமக்கு தினமும் பஜ்ஜி மாதிரி. நீலகிரியில் கூடுதலாக ஒன்று, டீயில் நனைத்த வர்க்கி. கிளி அழகாகக் கேட்கும், நாமும் பாசமாகக் கொடுப்போம். மைதாவும் வனஸ்பதியும் அதன் ஈரலுக்கு ஆகாது. இன்னொன்று இதைவிட முக்கியம். இந்தச் சரிவு முழுக்கக் காய்க்கிற பட்டர் ஃப்ரூட் கிளிகளுக்கு விஷம். கொஞ்சம் சாப்பிட்டாலே உயிர் போகலாம். வராண்டாவில் பழுக்க வைத்திருக்கும் பழத்தை எடுத்துவிடுங்க.

என்ன கொடுக்கலாம்? முளைகட்டின பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி, விதை எடுத்த கொய்யா, கம்பு, தினை. வாரத்தில் ஓரிரு நாள் வேகவைத்த முட்டையில் சுண்டுவிரல் நுனி அளவு. இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், முளைக்கும் காலத்தில் அது கூடுதலாகத் தேவை. கூண்டில் கணவாய் ஓடு இருக்கட்டும். வெயில் வரும் நாளில் ஸ்பிரேயரில் தண்ணீர் தூவிக் குளிக்க விடுங்க, புது இறகின் உறை உதிர்ந்து விரிய அது உதவும்.

பயிற்சி தொடங்கும் முன் ஒரு தடவை பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. கோவைக்குத்தான் இறங்க வேண்டியிருக்கும். கூண்டை பாதி மூடி எடுத்துப் போங்க. மலைப்பாதை வளைவுகளில் நமக்கு மட்டும் இல்லை, கிளிக்கும் வாந்தி வரும்.

அறையைத் தயார் செய்வது

முதலில் மின்விசிறி. நம் வீடுகளில் பறக்கும் பறவைக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, அதன் மேல் டேப் ஒட்டுங்க. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் 'என்ன புழுக்கமா இருக்கு' என்று போட்டுவிடுவார். ஜன்னல் கண்ணாடிக்குத் திரை. கண்ணாடி என்று ஒன்று இருப்பதே பறக்காத பறவைக்குத் தெரியாது. பீரோ கண்ணாடிக்கும் ஒரு துணி. பக்கெட் தண்ணீர், கழிவறை, கொதிக்கும் குழம்பு எல்லாவற்றுக்கும் மூடி. நான்ஸ்டிக் தவா காய்ந்து தீயும்போது வரும் புகை நம் கண்ணுக்கே தெரியாது, அடுத்த அறையில் இருக்கும் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். குளிர் காய கரி மூட்டும் வழக்கம் இருந்தால் பறவை இருக்கும் அறையில் வேண்டாம்.

பர்லியாருக்கே உரிய பிரச்னை, குரங்கு. ஜன்னல் திறந்திருந்தால் பிஸ்கட் பாக்கெட்டுக்காக உள்ளே வரும். கூண்டைப் பார்த்தால் சும்மா போகாது. பலாப்பழ சீசனில் யானை வரும் ஊரில் குரங்குக்குக் கதவைச் சாத்துவதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பயிற்சி நேரத்தில் கொசுவலை அடித்த ஜன்னலும் தாழ் போட்ட கதவும் கட்டாயம்.

முதல் சிறகடிப்பு

இரண்டு பக்கச் சிறகிலும் வெளியோர இறகுகள் ஓரளவு சமமாக வந்துவிட்டன, புது இறகில் ரத்த நிறம் மறைந்துவிட்டது என்றால் தொடங்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்த பறவைக்கு அந்தப் பக்கம் முழுசாக வரும்வரை பொறுங்க. ஒற்றைச் சிறகோடு எழும்பினால் பம்பரம் மாதிரி சுற்றி விழும்.

உங்கள் பறவை எந்த வயதில் வெட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள முடிந்தால் நல்லது. காக்டெய்ல் குஞ்சு ஐந்து வாரம் போல கூட்டைவிட்டுப் பறக்கத் தொடங்கும். முட்டிமோதி, திரும்பக் கற்று, இறங்கக் கற்று, இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். அதற்கு முன்பே வெட்டப்பட்டதா, பறந்து பழகின பிறகு வெட்டப்பட்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழகினதற்குச் சிறகு வந்தால் போதும், சைக்கிள் மாதிரி ஞாபகம் வந்துவிடும். பறந்தே இராத பறவைக்கு நீங்கள்தான் ஆனா ஆவன்னாவில் இருந்து தொடங்க வேண்டும்.

முதல் சில வாரம் பறத்தலே வேண்டாம், உடற்பயிற்சி மட்டும். பறவையை விரலில் உட்கார வைத்து, கையை மெதுவாக ஓர் அடி கீழே இறக்குங்க. சமநிலைக்காகச் சிறகை விரித்து அடிக்கும். நாலைந்து தடவை, அவ்வளவுதான். கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் விரலையே நம்பாமல் போய்விடும். கயிற்று ஏணி, நிஜமான கொய்யாக் கிளைகள் என்று ஏறி இறங்க ஏதாவது கட்டி வையுங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அன்றைக்குப் பாடம் முடிந்தது.

பிறகுதான் 'வா'. இரண்டு நாற்காலி எடுங்க. முதுகுச் சட்டத்தில் டவல் சுற்றுங்க, பிடி வழுக்கக் கூடாது. ஒன்றின் மேல் பறவை. அதன் முன்னால், கால் எட்டும் தூரத்தில் உங்கள் கை. இன்னொரு கையில் தினைக்கதிர். கடையில் 'மில்லட் ஸ்பிரே' என்று விலை வைத்து விற்பது நம்ம ஊர் தினைதான். 'வா' என்று சொல்லுங்க. எட்டி வைத்து ஏறினால் இரண்டு மணி தினை பரிசு. இந்த 'வா'வை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். அப்பா 'கமான்', பாட்டி 'வாடா ராஜா', தம்பி விசில் என்று ஆளுக்கொன்று சொன்னால் கிளி பேசக் கற்குமே தவிர வராது.

கையை ஓர் அங்குலம் தள்ளி வையுங்க. எட்ட முடியாது, குதிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான பறவைகள் நின்றுவிடும். எட்டிப் பார்க்கும், கழுத்தை நீட்டும், முன்னும் பின்னும் நடக்கும், சத்தம் போடும். பல நாள் விழுந்து விழுந்து நெஞ்சில் அடிபட்ட பறவை அது. 'காற்றில் கால் வைத்தால் வலிக்கும்' என்பதுதான் அதற்கு இதுவரை தெரிந்த உண்மை. அதை மாற்ற நாளாகும். கீழே மெத்தை போடுங்க. காத்திருங்க. இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் கையைப் பழைய தூரத்துக்கே கொண்டுவந்து, அது ஏறினதும் பரிசு கொடுத்து முடித்துவிடுங்க. தோற்றுப்போன நினைவோடு கூண்டுக்குப் போகக் கூடாது.

ஒருநாள் குதிக்கும். குதிக்கும்போது ஒரே ஒரு தடவை சிறகடிக்கும். அந்த ஒன்று வந்துவிட்டால் மீதி தானாக வரும். அரை அடி, ஓர் அடி, மூன்றடி. பயிற்சி ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். பட்டினி போட்டுப் பழக்குவது வேண்டாம். சின்னப் பறவைகள் பசியைத் தாங்காது. பரிசுக்கு வைத்திருக்கும் தினையையும் சூரியகாந்தியையும் மற்ற நேரத்தில் தட்டில் போடாமல் இருந்தாலே போதும், அதற்கு மதிப்பு வந்துவிடும்.

தூக்கிப் போடாதீங்க. இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ரீல்ஸில் அதைத்தான் காட்டுகிறார்கள். மேலே எறிந்தால் பறக்கும், உண்மை. பயத்தில் பறக்கும், சுவரில் மோதும், அடுத்த நாள் உங்கள் கையைக் கண்டாலே ஓடும்.

ஏறுவது சுலபம், இறங்குவதுதான் பாடம்

பறவைக்கு மேல்நோக்கிப் பறப்பது உடம்புக்குக் கஷ்டம், ஆனால் புத்திக்குச் சுலபம். மேலே போகும்போது வேகம் தானாகக் குறைந்து, காலை நீட்டினால் உட்கார்ந்துவிடலாம். கீழே வரும்போது வேகம் கூடிக்கொண்டே போகும். வாலை விசிறி மாதிரி விரித்து, உடம்பை நிமிர்த்தி, எதிர்ப்பக்கம் சிறகடித்து பிரேக் போட வேண்டும். காரில் போகிறவர்களுக்கு பர்லியார் ரோட்டை வைத்தே புரியும். குன்னூர் ஏறும்போது தெரியாத பிரேக் வாசனை, இறங்கும்போதுதான் மூக்கில் ஏறும்.

அதனால் சம உயரத்தில் மூன்று நாலு அடி நிச்சயமாக வரும்வரை இறக்கத்தைத் தொடாதீங்க. பிறகு சோபா முதுகில் இருந்து கட்டிலுக்கு, ஓர் அடி இறக்கம். அது பழகினதும் மேஜையில் இருந்து தரையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கைக்கு. கடைசியாக நீங்கள் தரையில், பறவை அலமாரி மேலே. அலமாரி உச்சியில் இருந்து 'வா' என்றதும் வளைந்து இறங்கி வருகிற பறவை கிட்டத்தட்டத் தேறிவிட்டது என்று அர்த்தம். அடுத்தது திருப்பம். ஹாலில் இருந்து கூப்பிட்டு, நீங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்க. உங்களைப் பார்க்காமல் குரலை மட்டும் வைத்துத் தேடி வர வேண்டும்.

இது விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் ஒருநாள் அது தப்பித்து வெளியே போய்விட்டால் உயிரோடு திரும்பி வர வைக்கப் போவது இந்த இரண்டும்தான். உயரத்தில் இருந்து இறங்கத் தெரிவது, கண்ணில் படாத குரலைத் தேடி வரத் தெரிவது.

வயதான பறவை, குஞ்சிலேயே வெட்டப்பட்ட பறவை என்றால் எல்லாம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில பறவைகள் கடைசிவரை சோபாவில் இருந்து கட்டிலுக்குத்தான் பறக்கும். நெஞ்சு அடிபடாமல் இறங்கினாலே அதற்கு அது பெரிய விடுதலை.

வெளியே போய்விட்டால்?

வீட்டுக்குள் நன்றாகப் பறக்கிற பறவையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்து வீடியோ எடுக்கும் ஆசை வரும். பர்லியாரில் வேண்டாம். வல்லூறும் கழுகு வகைகளும் வட்டமிடும் இடம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது. வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் வெளுத்து வாங்கும். ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளியில் வாழப் பிறந்த காக்டெய்லுக்கு இது புரியாத ஊர். வெயில் காட்ட வேண்டும் என்றால் வராண்டாவில் ஒரு பகுதியை வலை அடித்துக் கொடுங்க.

மீறிப் போய்விட்டால், முதலில் எந்தத் திசையில், எந்த மரம் என்று கண்ணை எடுக்காமல் பாருங்க. கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீங்க, மரத்தை உலுக்காதீங்க. அதன் கூண்டைத் திறந்து, உள்ளே தினைக்கதிர் தொங்கவிட்டு, அது பார்க்கும் இடத்தில் கொஞ்சம் உயரமாக வையுங்க. ஜோடிப் பறவை இருந்தால் அதை வேறு கூண்டில் பக்கத்தில் வைத்தால் அது கத்தும், இது பதில் சொல்லும். சரிவில் நீங்கள் நிற்கும் இடம் முக்கியம். மேலே நின்று கூப்பிட்டால் பறவைக்கு ஏற்றம். பழக்கமில்லாத உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. முடிந்தால் கீழ்ப்பக்கம் போய், படிப்படியாக இறங்கி வரும்படி கூப்பிடுங்க. கிளையில் இருந்து கிளைக்கு வரட்டும். இருட்டினதும் பறவை அசையாது, அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு விடிவதற்கு முன்பே போய்விடுங்க. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவைக்குக் காலையில் உங்கள் 'வா' தெளிவாகக் கேட்கும்.

இதெல்லாம் நடக்காமல் இருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் எல்லோர் வீட்டிலும் நிச்சயம் நடக்கும். முதல் முதலாக உண்மையாகப் பறக்கும் நாளில், பறவை உங்கள் கைக்கு வராது. அறையை இரண்டு சுற்று சுற்றி, திரைச்சீலைக் கம்பியில் போய் உட்காரும். அங்கிருந்து உங்களைப் பார்த்துக் கத்தும். இறங்கப் பயம். நாற்காலி போட்டு ஏறாதீங்க, துடைப்பக்குச்சி நீட்டாதீங்க. இறக்கிவிட்டால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும், இறங்கக் கற்காது. கம்பிக்குக் கொஞ்சம் கீழே ஒரு நாற்காலி முதுகு, அதற்குக் கீழே கட்டில் என்று படி மாதிரி வைத்துவிட்டு, தினைக்கதிரோடு தரையில் உட்கார்ந்துகொள்ளுங்க. அரை மணி நேரம் ஆகலாம். போனை சைலன்ட்டில் போடுங்க.